தபூக் ரோட்டில் நாலு டின்

சவூதியில் பனி விழும் என்று சொன்னால் நம்புவீர்களா? ரெனீஷின் ஊரில் யாரும் நம்பவில்லை. எல்லாரும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். போன வருஷம் அவன் மனைவி லீமா அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மாவே, மீன் வைக்கிற ஐஸைக் கொட்டிவிட்டு அதன் முன்னால் நின்று எடுத்தாயா என்று கேட்டாளாம்.

ஆனால் தபூக்கில் விழும். ஜனவரி முப்பதாம் தேதி காலை நர்ஸுகளின் ஹாஸ்டல் வாசலில், அவனுடைய பழைய காரின் கண்ணாடி முழுக்க அது அப்பிக் கிடந்தது. பனியில் ஒரு தப்பும் இல்லை. தப்பாக இருந்தது அந்த லிஸ்ட்.

லீமாவின் சாமான்களை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வந்திருந்தான். அவளோடு ஒரே ரூமில் இருந்த லிண்டா எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். ரூமில் இருந்தவை ஒரு பக்கம், விபத்து நடந்த காரிலிருந்து போலீஸ் எடுத்துக் கொடுத்தவை மறு பக்கம். போன், பர்ஸ், ஜெபமாலை, கோட், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்கூட இருந்தது. ரெனீஷ் மூன்று தடவை படித்தான்.

அவளுடைய ஸ்டாம்ப் இல்லையே என்று கேட்டான்.

"அழிரப்பர்ல வெட்டின அந்த வள்ளமா? அத அண்ணைக்கு அவா கோட்டுப் பையில போட்டத நான் கண்ணால பாத்தேன் அண்ணா," என்றாள் லிண்டா. "கோட்டு வந்துட்டு. பையில ஒண்ணும் இல்ல. நானும் கைய விட்டுத் துழாவிப் பாத்தாச்சு."

ரோட்டில் எங்கேயாவது விழுந்திருக்கும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். அவன் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு யான்புவுக்குக் கிளம்பினான்.

அது ஒரு விளையாட்டு. லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். வார்டில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் சிஸ்டர் லீமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரு டின்னுக்குள் நோட்டு வைத்து வழியில் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். கண்டுபிடிக்கிறவர் தன்னுடைய சொந்த ஸ்டாம்பை அதில் குத்தி, தேதி போட்டு, திரும்ப ஒளித்துவைத்துவிட்டுப் போக வேண்டும். லீமா தபூக்கில் நர்ஸ், ரெனீஷ் யான்புவில் ரிஃபைனரி டெக்னீஷியன். கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் அவர்களுக்கு வீடு என்று இருந்தது இந்த ரோடுதான். அறுநூற்றைம்பது கிலோமீட்டர், நாலு பால்பவுடர் டின். லீவு கிடைக்கிறவர் மற்றவரைப் பார்க்கப் போவார், போகிற வழியில் ஒவ்வொரு டின்னிலும் ஒரு வரி எழுதி ஸ்டாம்ப் குத்துவார். அவளுக்கு மீன்பிடி வள்ளம். அவனுக்கு ஸ்பேனர். ஒரே ஒரு ரூல், டின்னில் எழுதியதைப் போனில் சொல்லக் கூடாது.

நவம்பரில் அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட்டைப் புதுப்பித்தாள். அவனைக் கேட்கவில்லை. அவன் கத்தினான். கிறிஸ்மஸுக்கு வராதே, எனக்கு டியூட்டி இருக்கிறது என்று பொய் சொன்னான். அவள் கேட்கவில்லை. டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி ஷேர் டாக்ஸியில் கிளம்பினாள். மலையிறக்கத்தில் சாயங்காலம் நாலு பத்துக்குக் கார் உருண்டது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். அவள் போனது ஆறு மணிக்கு மேல் என்று ரிப்போர்ட்டில் இருந்தது.

நாலு இருபத்தைந்திலிருந்து ஆறு பன்னிரண்டு வரைக்கும் அவனுடைய போன் அடித்தது. பதினொரு தடவை. அவன் கட்டிலில் படுத்திருந்தான். போன் நெஞ்சின் மேல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பெயரைப் பார்த்தான், எடுக்கவில்லை. போன் லாக்கரில் இருந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கு அவள் போன வழியில் டின்களைத் திறந்திருப்பாள். கடைசியாக என்ன எழுதினாள், கோபமாக எழுதினாளா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் பிளேனில் போகாமல் காரில் வந்தான். ராத்திரியோடு ராத்திரியாக வரும்போது ஒரு டின்னையும் திறக்கவில்லை, அவள் போன வரிசையிலேயே திறக்க நினைத்திருந்தான்.

முதல் டின் ஊரைத் தாண்டி, மூடிப்போன பெட்ரோல் பம்பின் பின்னால், கிழிந்த டயருக்குள். பனியைத் தட்டிவிட்டு டயரைத் தூக்கியபோது பழைய ரப்பர் வாடையும் ஈர மண் வாடையும் சேர்ந்து மேலே வந்தது. டின் மூடியைச் சுற்றி ஆஸ்பத்திரி பிளாஸ்டர், அவள் எப்போதும் ஒட்டுகிற மாதிரி. நோட்டில் டிசம்பர் இருபத்தொன்று. ஊதா மையில் வள்ளம்.

"இன்னும் கோவமா? சரி. நேர்ல வந்து வாங்கிக்கிடுதேன்."

சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. கீழே தன்னுடைய ஸ்பேனரைக் குத்தினான். தேதி போட்டான். எழுத ஒன்றும் இல்லை.

கணவாயின் உச்சியில் இரண்டாவது. அங்கே பனி முழங்கால் வரைக்கும் இருந்தது. காற்று நின்றுவிட்டதால், தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றுகிற சத்தமும், பாறையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தமும், அவனுடைய சொந்த மூச்சுச் சத்தமும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே கேட்டன. விரல் மரத்துப்போய்ப் பிளாஸ்டரைப் பிரிக்க நேரம் பிடித்தது. அதே தேதி.

"கான்ட்ராக்ட்ட ரத்து பண்ணியாச்சு. ஜனவரியோட சரி. இனி ஒரே வீடு. லிண்டாட்டகூட சொல்லல, உங்களுக்குத்தான் மொதல்ல. போன்ல சொன்னா ரூல் தப்பிரும்லா?"

ரெனீஷ் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். பேன்ட் நனைந்து, தொடை மரத்து, கடைசியில் ஒன்றும் தெரியாமல் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். ஒரு போன். அவள் அந்த ஒரு வரியைப் போனில் சொல்லியிருந்தால் அவனே வந்து கூட்டிப் போயிருப்பான்.

அந்த வளைவு எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. புதுக் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். நிறுத்தவில்லை.

துபா என்ற ஊரில் கடல் வந்தது. பனி போய் மழை வந்தது, மழையும் போனது. மூன்றாவது டின்னையும் நாலாவதையும் எடுத்துக்கொண்டு போவது மட்டும்தான் வேலை, அவற்றில் படிக்க எதுவும் இருக்காது. அவள் அவ்வளவு தூரம் வரவேயில்லை.

அல் வஜ் ஊரைத் தாண்டி, காய்ந்த ஓடைப் பாலத்தின் அடியில் குனிந்து போனான். இருட்டில் ஆட்டுப் புழுக்கை வாடை. கையை நீட்டிக் கல்லை நகர்த்தினான். டின் இருந்தது. நவம்பரில் அவன்தான் கடைசியாக இதை மூடினான், கறுப்பு இன்சுலேஷன் டேப்பால். இப்போது அதில் வெள்ளைப் பிளாஸ்டர்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு வண்டி போனது, பாலம் அதிர்ந்தது. பிரித்தான்.

ஊதா வள்ளம். ஜனவரி ஏழு.

"போன் எடுக்கல. நடந்து வாறேன்."

அவளுடைய எழுத்து. அவளுடைய 'ற', வாலைக் கீழே இழுத்துவிட்டு. ஜனவரி ஏழாம் தேதி மத்தியானம்தான் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் பண்ணினான். சவப்பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டச் சொல்லி அவளுடைய அம்மா அழுதாள். வேண்டாம் என்று சொன்னது அவன்தான்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள். காரிலிருந்து ஸ்டாம்பை எடுத்தவன். ஆனால் எடுத்தவனுக்குத் தமிழ் எப்படித் தெரியும்? டின் இருக்கிற இடம் எப்படித் தெரியும்? காருக்கு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டான். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மனசு கணக்குப் போட்டது. அந்த வளைவிலிருந்து இங்கே இருநூற்று முப்பது கிலோமீட்டர். பதினேழு நாள். ஒரு நாளைக்குப் பதிமூன்று, பதினாலு கிலோமீட்டர். மனுஷர் நடக்கிற தூரம்தான். அடிபட்ட மனுஷர் நடக்கிற தூரம்.

அப்படியென்றால் இப்போது எங்கே இருப்பாள்?

அதற்கப்புறம் அவன் வேகமாக ஓட்டவில்லை. ரோட்டோரம் கிடந்த ஒவ்வொரு துணியையும், ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையையும் பார்த்துக்கொண்டே போனான். அவள் வர வேண்டும் என்று நாற்பது நாளாக ஜெபம் பண்ணியவன். இப்போது ஒரு தூணையும் கடக்கப் பயந்தான்.

உம்லுஜில் பெட்ரோல் போடும்போது ரூம்காரன் அன்பரசன் கூப்பிட்டான். விழுப்புரத்துக்காரன். இன்றைக்குச் சமையல் அவன் முறை.

"எங்கடா இருக்க? ஒட்டகத்துல வர்றியா? மீன் கொழம்பு வச்சிருக்கேன், நீ வர்றதுக்குள்ள அது கருவாடு ஆயிடும்."

"அன்பு, ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"நம்ம ரூமுக்கு யார்றா வருவா? கரப்பான்தான் வரும்." அப்புறம் அவன் குரலைத் தணித்தான். "அழுதியா? பாத்து வாடா. மெதுவா வா."

நாலாவது டின் யான்புவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் முன்னால், பைப்லைன் போர்டின் கால்மாட்டில். போய்ச் சேர்ந்தபோது சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இறங்காமல் போய்விடலாம் என்று இருந்தது. இன்ஜினை அணைக்காமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு இறங்கினான்.

பிளாஸ்டர் பளிச்சென்று இருந்தது.

ஜனவரி இருபத்தொன்பது. நேற்று.

"பதினொண்ணு தடவ கூப்பிட்டேன். பரவால்ல. எனக்குக் கோவமே இல்ல. அடுத்தது வீடுதான்."

அவன் கேட்டது இதைத்தான். இந்த ஒரு வரிக்காகத்தான் வந்தான். கோபம் இல்லை. படித்ததும் அவனுக்குள் ஒன்று உடையும் என்று நினைத்திருந்தான். உடையவில்லை. கட்டை விரலைப் பார்த்தான், ஊதா மை ஒட்டியிருந்தது.

அவன் ஸ்டாம்ப் குத்தவில்லை. டின்னை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

ஒரு நாளைக்குப் பதினாலு கிலோமீட்டர்.

ஓரத்தில் யாரும் இல்லை. பைப்லைன், மணல், பைப்லைன். தூரத்தில் ரிஃபைனரியின் தீ. ஹெட்லைட்டைப் போட்டான்.

டின்னிலிருந்து பதினொரு கிலோமீட்டரில் பார்த்தான்.

ரோட்டோரம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். முதுகு தெரிந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தாள். மெதுவாக. ஒரே சீராக.

வெளிச்சம் மேலே பட்டது. அவள் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினாள், ஷேர் டாக்ஸியை நிறுத்துகிற மாதிரி.

பிரேக்கின் மேல் கால் இருந்தது. இருந்தது. அழுத்தினால் போதும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

கடந்தான். பக்கக் கண்ணாடியைக் கையால் மடக்கினான். நடுக் கண்ணாடியை மேலே திருப்பினான். கம்பெனி கேம்ப் கேட் வரைக்கும் எதையும் பார்க்கவில்லை. அன்பரசன் போட்ட சோற்றைத் தின்றான். கதவைத் தாழ் போட்டு, அதன் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அன்பரசன் லைட்டை அணைக்காமல் தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு டியூட்டிக்குக் கிளம்பினார்கள். கேட்டில் செக்யூரிட்டி உஸைர் ரெனீஷை நிறுத்தினான். விடிகாலைத் தொழுகைக்கு எழுந்ததிலிருந்து வெளியே ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை, உன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றான்.

"யாரு பாய் அது? உன் வீட்டுக்காரியா?"

"எனக்குத் தெரியாது," என்றான் ரெனீஷ்.

பஸ் வந்தது. அவனுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. அவள் பிளாட்பாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் கணுக்கால் வரைக்கும் தேய்ந்துபோயிருந்தன. ஏழு மணிக்கு பஸ் கிளம்பியது. அவளும் எழுந்து, அதன் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.