திறந்தால் கெட்டுவிடும்

"கழுத்திருவைக் காணோம்!"

மீனலோசனி ஆச்சியின் அலறல் உள்ளறையிலிருந்து கிளம்பி, நடு முற்றமான வளவைத் தாண்டி, தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதுவரை போனது.

காரைக்குடியில் அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு. பின்வாசல் இன்னொரு தெரு.

இரண்டையும் இழுத்துச் சாத்தினார்கள்.

உள்ளறையில் இரும்புப் பெட்டகம் திறந்து கிடந்தது. வெள்ளிச் சாமான் இருந்தது. பட்டுப் புடவைகள் இருந்தன. கல்யாணத்தன்று மணப்பெண்ணின் கழுத்தில் ஏற வேண்டிய அந்தத் தங்கக் கழுத்திரு மட்டும் இல்லை!

ஆச்சி தன் கல்யாணத்தில் அணிந்தது. அடுத்த வாரம் மகள் தீக்ஷா அணிய வேண்டியது. நேற்றுதான் பாங்க் லாக்கரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது.

வளவில் உட்கார்ந்து தாம்பாளம் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் சிகப்பி, துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

அந்தப் பயம் இன்றைக்கு வந்ததல்ல. முந்தாநாளிலிருந்தே இருக்கிறது. அவள் செய்த தப்பு வேறு. அதற்கும் கழுத்திருவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்... பாவம்!

இன்ஸ்பெக்டர் நாகவல்லி ஜீப்பை விட்டு இறங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிட்டார். கூட இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"பெட்டகச் சாவி யார்ட்ட இருக்கும்?"

"என் இடுப்புலதான்" என்றார் ஆச்சி. அழுது குரல் கட்டியிருந்தது. "காலையில குளிக்கப் போறப்ப மட்டும் ஆணியில மாட்டிட்டுப் போனேன்."

"அப்ப உள்ளறைக்கு யார் வந்தாக?"

"வீட்டு ஆளுகதான் போக வர இருந்தோம். வெளியாளுன்னா... டிரைவர் செம்மலை. பித்தளைக் குடமெல்லாம் கொண்டாந்து அடுக்குனான்."

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

தூண் ஓரமாக நின்றிருந்தார் செம்மலை. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. கையைக் கட்டியபடி, "குடத்த வச்சேன், வந்துட்டேன். வேற எதையும் தொடல மேடம்" என்றார்.

"எத்தன வருஷமா இங்க இருக்கீக?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருந்தான்" என்று ஆச்சி குறுக்கே புகுந்தார். "இப்பத்தான் புத்தி ஒரு நிலையில இல்ல. முந்தாநாளு தீக்ஷாவோட ஊசி மருந்து வண்டியில இருக்கப்ப, ஏசிய நிறுத்திட்டு எங்குட்டோ போயிட்டான். எம்மருமகதான் சொன்னா. அப்பவே சந்தேகப்பட்டுருக்கணும்."

சிகப்பியின் கையிலிருந்த தாம்பாளம் நழுவித் தரையில் விழுந்தது.

முந்தாநாள்...

தீக்ஷா அவளுடைய நாத்தனார். கணவன் சத்தியமூர்த்தியின் ஒரே தங்கை. சர்க்கரையும் எடையும் ஏறிப்போனதால், வாரம் ஒரு தடவை வயிற்றில் போடும் ஊசியை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சென்னைக்குப் போயிருந்த சிகப்பி அதை வாங்கிவந்தாள்.

மருந்துக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

"ஃபிரிட்ஜ்ல வைங்க. ஆனா ஃப்ரீசர்ல வச்சுடாதீங்க, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸ் பேக் மருந்து மேல நேரா படக் கூடாது, நடுவுல துணி சுத்துங்க. பிளேன்ல கைப்பையிலயே வச்சுக்குங்க. முக்கியமா, பூட்டின காருக்குள்ள விட்டுட்டு எறங்காதீங்க. கெட்டுப்போனா பாத்துக் கண்டுபிடிக்க முடியாது மேடம். தண்ணி மாதிரி தெளிவாத்தான் தெரியும்."

டிபன் கேரியர் அளவில் ஒரு குளிர்ப்பெட்டி. மூடியில் சூட்டைக் காட்டும் சின்னத் திரை. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் பறந்து வந்தாள். அங்கிருந்து காரிலும் மடியில்தான்.

காளையார்கோவில் வரைக்கும்!

காளீஸ்வரருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். தட்டில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மடியில் ஊசிப் பெட்டி. நல்ல காரியத்துக்குச் சாமி முன்னால் போகும்போது ஊசியையும் மருந்தையுமா தூக்கிக்கொண்டு போவது? அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பெட்டியை சீட்டில் வைத்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க ஆச்சி. நான் ஏசியப் போட்டுட்டு வண்டியிலயே இருக்கேன்" என்றார் செம்மலை. அந்தப் பக்கம் கல்யாணமான பெண் எந்த வயதானாலும் ஆச்சிதான்.

"சாமிக்குப் பத்திரிகை வைக்கிறோம்ல, நீங்களும் வந்து கும்பிடுங்கண்ணே. அஞ்சு நிமிஷந்தான்."

அஞ்சு நிமிஷமாம்! உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. திரை போட்டிருந்தார்கள். திரை விலகி, தீபாராதனை காட்டி, பிரசாதம் வாங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கார்க் கதவின் கைப்பிடியைத் தொட முடியவில்லை. பெட்டி மூடியில் இருந்த எண் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

வீட்டு வாசலில் தீக்ஷா ஓடிவந்து பெட்டியை வாங்கினாள்.

"என்ன அண்ணமிண்டி, பெட்டி இப்படிச் சுடுது?"

அண்ணன் மனைவியை அந்த வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் மாமியார் இருந்தார். சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சிகப்பிக்கு வாய் உலர்ந்தது.

"செம்மலை அண்ணே ஏசிய நிறுத்திட்டு எங்குட்டோ போயிட்டாரு. நல்ல வேளை, உடனே பாத்துட்டேன். மருந்துக்கு ஒண்ணும் ஆகல."

டிக்கியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்த செம்மலை நிமிர்ந்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சிகப்பிக்குச் சோறு இறங்கவில்லை.

தனியாக இருந்தபோது கணவனிடம் மட்டும் கொட்டிவிட்டாள். சத்தியமூர்த்தி சிரித்தான்.

"இதுக்கா அழுகிற? யார்ட்டயும் மூச்சு விடாத. நான் மதுரைக்குப் போயி புதுசு வாங்கி, இதே பெட்டியில வச்சுக் கொண்டாந்துர்றேன்."

"அத்தை கேட்டா?"

"பந்தல்காரன் லைன் இழுத்ததுல கரண்ட் போயிப் போயி வருது. ஃபிரிட்ஜு நம்ப முடியல, தெரிஞ்ச கடையில வச்சுட்டு வாரேன்னு சொல்லிக்கிறேன். அத என்கிட்ட விடு."

கட்டினால் இப்படி ஒருத்தனைக் கட்ட வேண்டும் என்று அவளுக்குக் கண் கலங்கியது!

"செம்மலை, ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. விசாரிச்சுட்டு அனுப்புறோம்."

நாகவல்லியின் குரலில் சிகப்பி நினைவுக்குத் திரும்பினாள்.

செம்மலையின் சட்டைப் பை, வண்டி, டிக்கி எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஒன்றுமில்லை.

"வெளிய யார்ட்டயாச்சும் கைமாத்திருப்பான்" என்றார் ஆச்சி.

"நான் எடுக்கல ஆச்சி" என்றார் செம்மலை. "வீட்டுல பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன். ஸ்டேஷனுக்குப் போனேன்னு தெரிஞ்சா எவனும் வாசல் ஏற மாட்டான்."

சொல்லிவிட்டு அவர் சிகப்பியைப் பார்த்தார். அதே பார்வை!

சிகப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனுஷனைக் கவனமில்லாதவர் என்று ஊருக்குச் சொன்னது அவள் நாக்கு. இன்றைக்கு அவரைத் திருடன் என்கிறார்கள். பாதிப் பழியை அவள் அல்லவா முதலிலேயே எழுதிக் கொடுத்தாள்?

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

சத்தியமூர்த்தி இறங்கி வந்தான். கையில் குளிர்ப்பெட்டி.

"எங்க சார் கிளம்பிட்டீக?" நாகவல்லி வழியை மறித்தார்.

"மதுரைக்கு மேடம். தங்கச்சியோட ஊசி மருந்து. இங்க கரண்ட் சரியில்ல, தெரிஞ்ச கடை ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு வந்துர்றேன்."

"வீட்டுல நக காணாம இருக்கு. இப்ப போயா?"

"நக போச்சு, மருந்தும் போகணுமா? வாரக் கடைசிக்குள்ள அவ ஊசி போட்டாகணும்."

"சரி, பெட்டியத் தெறங்க. பாத்துட்டு விடுறேன்."

சத்தியமூர்த்தி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"தெறந்தா கெட்டுரும் மேடம். உள்ள இருக்க குளிர்ச்சி போயிரும். மதுரை வரைக்கும் தாங்கணும்ல?"

நாகவல்லி யோசித்தார். அவருடைய அம்மாவுக்கும் இன்சுலின் உண்டு. பயணத்தில் அதைக் காப்பாற்றுகிற பாடு அவருக்குத் தெரியும். போதாததற்கு இவன் வீட்டு மகன். தன் வீட்டு நகையையே எவன் எடுப்பான்?

"சரி... போயிட்டுச் சீக்கிரம் வாங்க."

ஒரு கதவு வழியாகச் சத்தியமூர்த்தி கிளம்பினான். இன்னொரு கதவை நோக்கிச் செம்மலையை நடத்தினார்கள்.

சிகப்பி இரண்டு கதவுகளையும் பார்த்தாள்.

தன்னைக் காப்பாற்றுவதற்காகக் கணவன் போலீஸிடமே பொய் சொல்கிறான். தான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் ஒரு அப்பாவி ஜீப்பில் ஏறப்போகிறார். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நான் என்ன மனுஷி?

"மேடம்... நில்லுங்க!"

வளவே அதிர்ந்தது. அந்த வீட்டில் மருமகள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"செம்மலை அண்ணே ஏசிய நிறுத்தல. நாந்தான் அவர வற்புறுத்திக் கோயிலுக்குள்ள கூப்பிட்டேன். மருந்த வண்டிக்குள்ள போட்டுட்டுப் போனது நான். வீட்டுல கேட்டப்ப பயந்துக்கிட்டு அவர் மேல பழியப் போட்டுட்டேன்."

ஆச்சியின் முகம் வெளிறியது. "என்னடி சொல்ற?"

"ஆமா அத்தை. அவர் கவனமில்லாதவர் இல்ல. நான் சொன்ன பொய்யி அது. அத வச்சு அவரத் திருடன்னு சொல்லாதீக."

செம்மலை தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணமிண்டி, அப்ப என் மருந்து?" என்று தீக்ஷா பக்கத்தில் வந்தாள்.

"வெந்துபோச்சு தீக்ஷா. பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அத நம்பிப் போட முடியாது. புதுசு வாங்கித் தரத்தான் உங்க அண்ணன் கிளம்புறாக. என்னைய மன்னிச்சிரு."

"சிகப்பி!" சத்தியமூர்த்தியின் குரல் வாசற்படியிலிருந்து வந்தது. "வாய மூடுறியா? உள்ள போ."

"வேணாங்க. எனக்காக நீங்க பொய் சொல்லி மாட்டிக்க வேணாம்" என்று அவள் அவனை நோக்கிப் போனாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "மேடம், இவுக மேல தப்பில்ல. பெட்டிக்குள்ள இருக்கிறது ஏற்கெனவே கெட்டுப்போன மருந்து. தெறந்தா கெடுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. நீங்களே பாத்துக்கங்க."

"தொடாத!"

அவன் பெட்டியைப் பின்னால் இழுத்தான்.

அவள் மூடியைப் பிடித்துவிட்டாள்.

கிளிப் தெறித்தது. இரண்டு ஐஸ் பேக்குகள் படியில் விழுந்தன. அதற்குப் பின்னால், ஈரத் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை...

மருந்து ஒன்றுகூட இல்லை.

துண்டு அவிழ்ந்தது. காளையார்கோவில் வெயில் மொத்தமும் அந்தப் படியில் இறங்கியதுபோல ஒரு மினுமினுப்பு.

கழுத்திரு!

பந்தல் போடுகிறவர்களின் சுத்தியல்கூட நின்றுபோயிருந்தது.

சிகப்பி அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். காப்பாற்றத்தான் திறந்தாள். அந்தக் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

"என்னங்க... இது?"

சத்தியமூர்த்திக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் நாக்கு உடனே வேலை செய்தது.

"உனக்காகத்தான் சிகப்பி. நம்ம கல்யாணத்துல உங்க அக்கா கழுத்திருவ இரவல் வாங்கித்தான போட்டே? எனக்குன்னு ஒண்ணு இல்லன்னு அன்னைக்கு அழுதியே. அத நான் மறக்கல. உனக்கு வேணும்னுதான் எடுத்தேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பாவத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ள அவள் தயாராகிவிட்டாள். இந்த மூன்று நாளில் அது பழகிப்போயிருந்தது. நான் அழுததால்தானே... நான் சொன்னதால்தானே...

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னா என் பீரோவுலதான வைக்கணும்? எதுக்கு மதுரைக்குக் கொண்டுபோறீக? உருக்கவா?"

அவன் பார்வை வாசலுக்கு ஓடியது.

"என் தப்பு உங்களுக்கு வசதியாப் போச்சுல்ல? நான் அழுகுறப்பவே பெட்டிய அளந்து பாத்துட்டீக."

மீனலோசனி ஆச்சி படியில் உட்கார்ந்துவிட்டார். தீக்ஷா முன்னால் வந்தாள். கழுத்திருவை எடுக்கவில்லை. சிகப்பியின் கையைப் பிடித்து இழுத்து, தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள்.

"மருந்து போனாப் போகட்டும் அண்ணமிண்டி. டாக்டர்ட்ட சொல்லிப் புதுசு வாங்கிக்கலாம். அழுகாதீக."

"நடங்க சார்" என்றார் நாகவல்லி. கான்ஸ்டபிள் ஒருவர் சத்தியமூர்த்தியின் தோளில் கை வைத்தார்.

சிகப்பி நேராகச் செம்மலையிடம் போனாள். மொத்த வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைக் கூப்பினாள்.

"எல்லார் முன்னாலயும் பழி சொன்னேன். எல்லார் முன்னாலயும் கேக்குறேன். மன்னிச்சிருங்கண்ணே."

"விடுங்க ஆச்சி. உண்மையச் சொல்லிட்டீக, போதும்" என்றார் செம்மலை.

வெளியே போன இன்னொரு கான்ஸ்டபிள் திரும்பி வந்தார்.

"மேடம், ஜீப்பு ஸ்டார்ட் ஆகல. வீட்டு வண்டியிலயே கூட்டிட்டுப் போயிரலாமா?"

நாகவல்லி செம்மலையைப் பார்த்தார். செம்மலை சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"ஜீப்பத் தள்ளிக்கூட விடுறேன் மேடம். என் வண்டியில மட்டும் ஏத்தாதீக. போற வழியில ஐயாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, செம்மலைதான் ஏசிய நிறுத்திட்டான்னு சொல்லிருவாக!"