திரும்பும் பாரம்

மூன்று பேரின் எடையையும் கேட்டு முடித்த படகுக்காரர், "வரும்போது எவ்வளவு?" என்றார்.

போன் சாப்பாட்டு மேசையின் நடுவே, விரித்த வரைபடத்தின் மேல் இருந்தது. ஸ்பீக்கரில் அவர் குரலோடு தண்ணீர் ஒரு மரப்பலகையைத் தட்டும் ஓசையும் வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல்.

"வரும்போது என்னதுங்க?" என்றாள் அவள்.

"எடைதாம்மா. போறப்ப உள்ளதைச் சொல்லிட்டீங்க. திரும்பி வர்றப்ப உள்ளதைச் சொல்லுங்க."

அவள் கணவன் சிரித்தான். "உங்க மீனையெல்லாம் தின்னுட்டுத்தானே வரப்போறோம். ஆளுக்கு ரெண்டு கிலோ சேர்த்துப் போட்டுக்குங்க."

மறுமுனையில் சிரிப்பு இல்லை. மரப்பலகை தட்டும் ஓசை சற்று நேரம் தனியாகக் கேட்டது.

"சரி சார். அப்புறமா கேட்டுக்கறேன்."

அழைப்பு முடிந்ததும் அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த மகள் வெடித்துச் சிரித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். "அப்பா, அம்மா பொய் சொல்லிட்டா. அவ்ளோதான் வெயிட்டாம்!"

"உஸ். அது கல்யாணத்தப்ப இருந்த வெயிட். அம்மா இன்னும் அங்கயேதான் நிக்கறா."

"ரெண்டு பேரும் வாங்கிக் கட்டிக்காதீங்க" என்று அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆணிடம் எந்தப் பெண்தான் எடையைச் சரியாகச் சொல்வாள்?

விடுமுறைக்கு அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் கணவன்தான். சாலை போகாத கடற்கரை. பின்னால் காடு. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே, தூண்களின் மேல் நிற்கும் ஒரு மீன்பிடி விடுதி. அங்கே போகும் ஆற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டு இருப்பதால் நீர் ஏறும் நேரத்தில் மட்டும் படகு தாண்டும். அங்கே தங்கிக்கொண்டு கரையோரமாகப் படகில் போய்த் தூண்டில் போடுவது, இரவில் திரும்புவது என்பது திட்டம். ஊர் ஏரியைத் தவிர வேறெங்கும் தூண்டில் போட்டிராதவன் மாதக்கணக்காக அதையே பேசிக்கொண்டிருந்தான். அவன் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தான். படகுக்காரர் எடை கேட்டதில் அவனுக்குப் பரம திருப்தி.

"பாரம் தெரிஞ்ச ஆளு. இவரை நம்பலாம்."

அவள் கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, பெட்டி காலியாக இருந்தது என்று நாள் முழுக்கக் குரல்கள் காதில் விழும். பொய் சொல்பவர்கள் ஒரு சொல்லை மட்டும் கவனமாகச் சொல்வார்கள். அது அவளுக்குப் பிடிபட்டுவிடும். படகுக்காரரின் குரலில் அப்படி எந்தச் சொல்லும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. அவர் வேடிக்கையாகவும் கேட்கவில்லை, தவறியும் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதைக் கேட்டிருந்தார்.

கணவனுக்கு எதையும் ஒத்திகை பார்த்தாக வேண்டும். இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே பழைய வீட்டின் தரையில் சாக்பீஸால் புது வீட்டின் சுவர்களை வரைந்து எல்லோரையும் நடக்க வைத்தவன். இப்போது மாலையானால் கூடத்தில் நாற்காலிகள் படகாக நின்றன. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. ஏறும் வரிசை, உட்காரும் வரிசை, அலை வந்தால் எந்தப் பக்கம் சாய்வது. வாலுவுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அலுப்பு. ஆனாலும் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். ஜன்னல் வழியே தெருவின் மஞ்சள் வெளிச்சம் தரையில் விழுந்து, வண்டிகள் கடக்கும்போது நகர்ந்து, நாற்காலிகளின் கால்களை நீளமாக்கிச் சுவர்வரை கொண்டுபோய்த் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

ஒரு மாலை அவன் வாலுவை நடு நாற்காலியிலிருந்து எழுப்பி முன்னால் உட்கார வைத்தான்.

"குழந்தை நடுவுலதான் இருக்கணும்னீங்க?"

"படகுக்காரர் மாத்தச் சொன்னார். முன்பக்கம் லேசா இருக்கணுமாம்."

"எப்ப சொன்னார்?"

"நீ குளிக்கப் போனப்ப கூப்பிட்டாரு."

குளிக்கும்போது பாட்டு கேட்க அவள் அவனுடைய போனைத்தான் எடுத்துப் போயிருந்தாள். அது முழு நேரமும் கண்ணாடிக்குக் கீழே பாடிக்கொண்டிருந்தது.

"சரி, இப்ப திரும்பி வர்றோம்" என்றான் அவன். அவளை நடுவில் உட்காரச் சொன்னான். தான் பின்னால் போனான். வாலு காலியாக இருந்த முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்ப்பா?"

"நீ எங்கயும் உக்கார வேண்டாம்."

தெருவில் ஒரு வண்டி போனது. நிழல்கள் நீண்டு சுருங்கின.

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

அவன் விழித்தான். "என்ன சொன்னேன்?"

அந்த வார ஞாயிறு காலை பூங்காவுக்குப் போனார்கள். வெயில் ஏறாத நேரம். புல் வெட்டிய வாசனை. வாலு சீசா பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். மறுமுனையில் கீழ்வீட்டுக் குழந்தை. நடக்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆன பிள்ளை. அதன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தாள்.

வாலு மேலே போனாள். மேலேயே இருந்தாள்.

"அய்ய, இவ ஏமாத்தறா" என்று கீழ்வீட்டுக்காரி சிரித்தாள். "காலை ஊனி எம்பறியாடி?"

வாலுவின் கால்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. அவளும் சிரித்தாள். கீழே பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "அம்மா, எறக்கி விடு."

அவள் ஓடிப்போய் மகளின் இடுப்பைப் பற்றித் தூக்கினாள். கைகள் எதிர்பார்த்த பாரத்துக்குத் தயாராக இருந்தன. பாரம் வரவில்லை. மாடிப்படியில் இல்லாத ஒரு படிக்காகக் காலைத் தூக்கியதுபோல உடம்பு தடுமாறியது. பள்ளிப் பையைத் தூக்கும்போதுகூடத் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், தராசில் ஏறச் சொன்னார். முள் சரியான இடத்தில் நின்றது. "நல்லா வளர்றா. எதுக்குப் பயப்படறீங்க?" என்றார்.

கணவன் மகளின் பின்னால் நின்றிருந்தான். அவன் கை அவள் தோளில் இருந்தது. விரல்களின் நுனி வெளுத்திருந்தது.

வண்டியில் ஏறியதும் கேட்டாள். "எதுக்குத் தோள்ல கை வெச்சீங்க?"

"ஆடிக்கிட்டே இருந்தா."

"அவ ஆடலை."

"நீ ரொம்ப யோசிக்கற. கடல்காத்து பட்டா சரியாயிடும்."

கவனமாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் அதில் இருந்தது. எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவள் கணவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தூண்டில் சுருளுக்கு எண்ணெய் போடுவதை. மழைக்கோட்டுகளைப் பையில் அடுக்குவதை. அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மூன்றாவது எங்கே என்று கேட்டபோது, வாங்கணும் என்றான். வாலு எப்போதும்போல் சாப்பிட்டாள், சண்டை போட்டாள், பாட்டுப் பாடினாள். ஆனால் மாடிப்படியில் அவள் இறங்கிவரும் தடதட ஓசை கேட்பதில்லை. திரும்பினால் பின்னால் நின்றாள். அவள் எழுந்துபோன மெத்தையில் குழி இல்லை.

அலுவலகத்தில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் படகுக்காரரைக் கூப்பிட்டாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. காலியான நாற்காலிகள். கழற்றி வைத்த ஹெட்போன்களில் எவருடைய குரலோ சன்னமாக இரைந்துகொண்டிருந்தது.

உடனே எடுத்தார். "சொல்லும்மா."

"நாங்க வரலை. ரத்து பண்ணிடுங்க."

பலகை தட்டும் ஓசை.

"பாதிக்கு மேல ஏத்தியாச்சேம்மா."

"எதை ஏத்தினீங்க?"

"மணல்திட்டு இருக்குல்ல. மொத்தப் பாரத்தோட தாண்டினா படகு தட்டிடும். அதனால முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் கொண்டுபோய் வெச்சிடுவோம். எப்பவும் செய்யறதுதான். சார்கிட்ட சொல்லியிருக்கேன்."

"எங்க சாமான் ஒண்ணுகூட இன்னும் வீட்டை விட்டு வெளிய வரலை."

"சாமான் இல்லம்மா."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு என் எடையைத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் அதைவிடக் கூட. மாத்திக்குங்க."

"தெரியும்மா. நீங்க சொன்னதுக்குத்தான் படகைச் சரிபண்ணிட்டோம். மிச்சத்துக்கு வேற ஒருத்தர்கிட்ட இருந்துதான் இடம் பண்ணணும்ல."

"அப்ப என்கிட்ட இருந்து எடுத்துக்குங்க."

"தன் வாயால சொன்னவங்க எடையில கை வைக்க மாட்டோம். வழக்கமில்ல." குரல் கனிந்தது. "கவலைப்படாதீங்க. நல்ல பொண்ணு. அழறதே இல்ல. பாடிக்கிட்டே இருக்கு."

பலகை ஓசைக்குப் பின்னால் மெல்லிய பாட்டு. அவளுக்குத் தெரிந்த பாட்டு. அதை வேண்டுமென்றே தப்பான ராகத்தில் பாடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

"இன்னும் ஒரு நடைதாம்மா பாக்கி" என்றார் படகுக்காரர்.

பொய் இல்லை. ஒரு சொல்லில்கூட இல்லை.

மழை வந்துவிட்டது. பேருந்துக்கு நிற்காமல் நடந்தாள். பிறகு ஓடினாள். தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே சுழித்தது. வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. நுழைந்தது.

கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. இரண்டுதான். பின் நாற்காலியில் கணவன் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"வாலு எங்க?"

"உள்ள இருக்கா. வந்து உக்காரு. நேரமாச்சு."

"உங்களுக்குத் தெரியும்ல. முதல்ல இருந்தே தெரியும்."

அவன் தரையைப் பார்த்தான். "நீ அந்த எடையைச் சொன்னப்பவே நான் திருத்தியிருக்கணும். சிரிச்சுட்டேன்." மெதுவாகச் சொன்னான். கட்டடத்தில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு விளக்குவதுபோல. "பாரம் கூடிட்டா லிஃப்ட் நகராது. யாராவது எறங்கணும். கடைசியா ஏறினவங்கதான் எறங்குவாங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

அவள் உள்ளே ஓடினாள்.

வாலு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மகளை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சூடான கன்னம். எண்ணெய் வாசம் வீசும் தலை. எல்லாம் இருந்தது. எடை மட்டும் இல்லை. மடியில் ஒரு துண்டை விரித்ததுபோல. அவள் இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள்.

"அம்மா இருக்கேன். எங்கயும் போக மாட்டோம். கேக்குதா? சொல்லு."

வாலு அவள் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. அம்மா என்று அசைந்தன.

ஓசை இல்லை.

உதடுகள் மூடின. அப்புறம்தான் குரல் வந்தது. அந்த வாயிலிருந்து இல்லை. தொலைவிலிருந்து. நீரின் அக்கரையில் நின்று யாரோ கூப்பிட்டால் வருவதுபோல, தாமதமாக, காற்றில் நைந்து.

"அம்மா."

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. குரல் வந்த திசைக்குக் கணவன் திரும்பி உட்காருவது கேட்டது. இந்த அறை இருக்கும் திசை அல்ல அது.

வாலு மறுபடி வாயைத் திறந்தாள். பயந்திருந்தாள். வேகமாக ஏதோ சொன்னாள். அவள் மகளின் உதடுகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். உதடுகள் நின்றன. கண்கள் திறந்தபடி நின்றன. மடியில் இருந்த சூடு தணிந்தது.

குரல் இப்போது வந்து சேர்ந்தது. முன்பைவிடத் தள்ளி.

"அம்மா, என்னை எறக்கி விடச் சொல்லு. இங்க நிறைய பேர் இருக்காங்க."

மடியில் இருந்ததன் வாய் மூடியிருந்தது. குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அப்பால்.