முனை இல்லாத கயிறு

முனையே இல்லாத கயிற்றில் முடிச்சு விழுந்திருந்தது.

காலையில் மலையடிவார டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சட்டை எடுப்பதற்காகப் பையின் வாயை விரித்தபோது, சிவப்பு நைலான் கயிறு பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். பட்டாணி அளவில், கல் மாதிரி இறுகிய ஒரு முடிச்சு.

வேறு யாராவதாக இருந்தால் நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். அவள் தையல் மெஷின் மெக்கானிக். நூல் எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்று பார்ப்பதுதான் பதினெட்டு வருஷமாக அவளுடைய பிழைப்பு. தொழிற்சாலையில் ஒருத்தரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; மெக்கானிக் என்றால் அவள்தான். இந்தக் கயிற்றையும் அவள்தான் போட்டாள். பை வாயின் மடிப்புக்குள் நுழைத்துச் சுற்றி எடுத்து, இரண்டு முனைகளையும் லைட்டரில் உருக்கி ஒன்றோடொன்று ஒட்டி, ஒட்டிய இடத்தை விரலுக்குத் தட்டாதபடி தேய்த்து, வளையல் மாதிரி முழு வட்டமாக்கியிருந்தாள். முடிச்சு விழ வேண்டுமென்றால் ஒரு முனை கண்ணிக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். முனையே இல்லாவிட்டால் எது புகும்? வட்டத்தை எத்தனை முறுக்கு முறுக்கினாலும், விட்டதும் அது பழையபடி வட்டமாகத்தான் விரியும்.

"என்னம்மா, பையோட மல்லுக்கட்டுறே?" டீக்கடை அக்கா தம்ளரை நீட்டினாள்.

"இதுல முடிச்சு விழுந்திருக்குக்கா. விழவே முடியாது."

"விழ முடியாததுதான் விழுந்திருக்கே. டீயைக் குடி, ஆறிடும்."

முந்தின நாள் சாயங்காலம் மூட்டையோடு வந்து நின்றவளிடம், தனியாகவா வந்தாய் என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றதும் கன்னத்தைத் தட்டி, பரணில் இடம் கொடுத்தாள். ஏணி குறுகல் என்பதால் பை கீழேயே கிடந்தது. காலையில் தங்கியதற்குக் காசு கொடுத்தபோது, தங்கச்சியிடம் யாராவது வாங்குவார்களா என்று கையை மடக்கிவிட்டாள். அப்படிப்பட்டவளைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

அங்கிருந்து மேலே போக ஜீப். டிரைவர் பையை வாங்கிக் கூரையில் ஏற்றும்போது, கட்டைவிரலைப் பை வாயில் ஒருகணம் ஓட்டினான்.

"பயப்படாதீங்கக்கா. இந்த வண்டியில பிரேக்கைத் தவிர எல்லாமே சத்தம் போடும்."

"பிரேக் சத்தம் போடலைன்னாதான் எனக்குப் பயமே."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் போன் பண்ணுவாள் என்று கேட்டான்.

"இருக்கிறது ஒரு தங்கச்சிதான். பத்து நாள்ல அவளுக்குப் பிரசவம். பக்கத்துல இருப்பேன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். அதுவரைக்கும் போன் வரலைன்னா பதறாதே, மலையில சிக்னல் இருக்காதுன்னு சொல்லிட்டேன்."

"அப்போ பத்து நாளைக்கு நீங்க ராணி" என்றான் அவன்.

நடுவழியில் டயரை மாற்ற நிறுத்தினான். அவள் ஓடையில் தண்ணீர் பிடித்துத் திரும்பியபோது இரண்டாவது முடிச்சு இருந்தது. நீளமாக, புழு சுருண்ட மாதிரி. பிளாஸ்டிக் கருகிய வாசனை இன்னும் காற்றில் நின்றது. கயிற்றை விரலால் உருவிக்கொண்டே போனவளுக்கு ஓரிடத்தில் சின்னச் சொரசொரப்புத் தட்டுப்பட்டது. எப்படி என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. ஒட்டின இடத்தை வெட்டி, முடிச்சைப் போட்டு, மறுபடி உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். சுத்தமான வேலை என்று உள்ளுக்குள் பாராட்டக்கூடச் செய்தாள். ஏன் என்பது மட்டும் பாக்கி.

"இது உங்க வேலையா?"

அவன் வெட்கப்பட்டான். "வழித்துணைக்கா. தனியா வர்றவங்களுக்கு இந்தப் பக்கத்துல போட்டுவிடுவோம். அவுத்துடாதீங்க."

"அவுக்கவே முடியாதே."

"ஆமா. அவுக்க முடியாது."

யாரென்றே தெரியாதவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மேலூரில் இறங்கியதும் தலை விண்விண் என்று தெறித்தது. மருந்துக்கடைக்காரர் வயசானவர், மூக்கில் சரியும் கண்ணாடி, பேச்சுக்குப் பேச்சு வறட்டு இருமல். அவரே எழுந்துவந்து அவள் தோளிலிருந்து பையை இறக்கினார். துணிக்கடையில் துணியின் தரம் பார்ப்பவர் போல முடிச்சுகளை உருட்டிப் பார்த்தார். உள்ளே உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். அப்புறம் தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாமல் அவள் இடது முட்டியை அழுத்தினார். அவள் துள்ளினாள்.

"பழைய அடியா?"

"மெஷின் விழுந்ததுங்க. ஏழு வருஷம் ஆச்சு."

"நடப்பீங்க. ஓட முடியாது, இல்லையா?"

"யார் துரத்தப் போறா, ஓடுறதுக்கு?"

அவர் அதை ரசித்தார். மாத்திரையைப் பொட்டலம் கட்ட, பை இருந்த முன்பக்கம் போனவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். "பத்து நாள் இருக்குல்ல. மெதுவாவே போங்க." பையை எடுக்கும்போது அதில் மூன்றாவது முடிச்சும் இருந்தது; இவருமா என்று சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கணவாய் உச்சியில் இருந்த விடுதியை அடைந்தாள். அங்கேயிருந்து மறுபக்கம் இறங்க பஸ். பனிமூட்டம் சன்னல் வரைக்கும் வந்து முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் வாசலில் கால் வைக்கும்போது மூணு மணி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஏறிக்கொண்டிருந்த மஞ்சள் குல்லாக்காரன், அவளைப் போலவே மூட்டை தூக்கித் திரிகிறவன், அவள் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"உங்களுக்கும் போட்டாங்களா? எனக்கும் மூணு!" என்று தன் பைக்கயிற்றைத் தூக்கிக் காட்டினான். "அதிர்ஷ்டம்னாங்க. ஊருக்குப் போனதும் ஃபிரேம் போட்டு மாட்டப்போறேன்."

பஸ் போய்விட்டது. அதன் சத்தத்தைப் பனி சீக்கிரமே விழுங்கிவிட்டது.

விடுதிக்காரர் மெலிந்த, தணிந்த குரல் மனிதர். "அடுத்தது அஞ்சு மணிக்கும்மா. உட்காரு. விறகு எடுத்துட்டு வந்துடறேன்" என்று பின்பக்கம் போனார். அவருக்குப் பின்னால் உள்கதவு ஒன்று சாத்திக்கொண்டது. நீளக் கூடத்தில் அடுப்பு மெல்ல முனகியது. ஈரக் கம்பளியின் வாசனை. வேறு ஆளே இல்லை.

சும்மா இருக்க அவளுக்கு வராது. பையை மடியில் வைத்து முடிச்சுகளை எண்ணினாள். முதலாவது, ஒற்றைச் சுற்று. இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கின சுற்றுகள். விரல் நுனியால் எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. மூன்றாவதில் இரண்டு கண்ணிகள். வலது நிமிர்ந்திருந்தது. இடது, கால் மடங்கின மாதிரி, சரிந்திருந்தது.

பத்து நாள் இருக்குல்ல.

மருந்துக்கடைக்காரரிடம் அவள் பத்து நாளைப் பற்றிப் பேசவே இல்லை.

தனியாகப் பயணம் போனால் எல்லா ஊரிலும் ஒரே கேள்விகள்தான். தனியாவா வந்தீங்க, வீட்டுல யாரு இருக்கா. கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும். இந்த மலையில் மட்டும் ஒரு கேள்வியை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அக்கா கேட்டதை டிரைவர் கேட்கவில்லை. டிரைவர் கேட்டதை மருந்துக்கடைக்காரர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பையைத் தொட்டார்கள், படித்துக்கொண்டார்கள்.

ஒற்றை ஆள். பத்து நாள் யாரும் தேடமாட்டார்கள். இடது கால் ஓடாது.

அப்படியென்றால் மஞ்சள் குல்லாக்காரன்? அவனுக்கும் மூன்று. அவன் ஏறின பஸ் எங்கே போகிறது? கீழே எந்தக் கை அந்தக் கயிற்றைத் தடவக் காத்திருக்கிறது? அஞ்சு மணிக்கு அவளும் அதே வழியில்தான் போக வேண்டும். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பதறமாட்டாள். பதறாதே என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

முடிச்சோடு பஸ் ஏறக் கூடாது.

அவிழ்க்கப் பார்த்தாள். நகம் பிய்ந்தது. பல்லால் இழுத்தாள். அசையவில்லை. பக்கப் பையில் தையல் பிரிக்கும் கத்தி. எடுத்தாள். கொல்லையில் விறகு சரியும் சத்தம். ஒரே அறுப்பு. கயிறு முழுசாக உருவி வந்தது. அடுப்பில் போட்டாள். புழு மாதிரி நெளிந்தது. கருகியது. போய்விட்டது.

இனி அவள் வெறும் பயணி. யாரும் படிக்க முடியாது.

மூச்சு வந்தது.

உள்கதவு திறந்தது. விடுதிக்காரர் விறகோடு நின்றார். காற்றை முகர்ந்தார். பிறகு பையைப் பார்த்தார். கயிறில்லாமல் அதன் வாய் பிளந்து கிடந்தது.

"அறுந்துடுச்சாம்மா?"

"ஆமா. பழசு."

"அறுந்துச்சா, அறுத்தியா?"

அவர் விறகை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், கீழே அடுக்கினார்.

"அந்த மஞ்சக் குல்லாப் பையன் ரெண்டு நாள் இங்கதான் இருந்தான். தடவித் தடவிப் பார்த்து, அழகா இருக்குன்னான். நானே பையைத் தூக்கி பஸ்ஸுல ஏத்திவிட்டேன். நாளைக்கு இந்நேரம் ஊருல அம்மாகிட்டக் காட்டிட்டிருப்பான்." வருத்தப்படுகிறவர் போலத் தலையை ஆட்டினார். "உனக்குத் தலை நல்லா வேலை செய்யுது."

வெளியே, பனிக்குள், ஒரு வண்டி வந்தது. கதவு கடகடத்தது. கூரை கிறீச்சிட்டது. அடிப்பலகை உதறியது. பிரேக் மட்டும் சத்தமே போடவில்லை. யாரோ வறட்டு இருமல் இருமினார்கள்.

"உள்ளதான் இருக்காளா?" டீக்கடை அக்காவின் குரல். அதே பாசம்.

விடுதிக்காரர் அவள் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போய், உள்கதவை அகலத் திறந்தார். அவள் எழுந்தாள். இடது கால் மடங்கியது. கதவுக்கு அப்பால் நீண்ட நடை. சுவர் நெடுக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பை. பச்சை, நீலம், காக்கி, ஒன்று குழந்தை சுமக்கும் அளவே இருந்தது. எல்லாவற்றின் வாயும் பிளந்திருந்தது. ஒன்றில்கூடக் கயிறு இல்லை.

கடைசி ஆணி காலியாக இருந்தது. அவர் எட்டி மாட்டினார்.

மெக்கானிக்குக்குக் கணக்கு முழுசாகப் புரிந்தது. அவிழ்க்க முடியாதபடி முடிச்சு போட்டது, அதைப் படித்துப் புரிந்துகொண்டு அறுக்கிறவர் யார் என்று பார்ப்பதற்காக. அறுக்காதவர்கள் பஸ் ஏறி மலையிறங்கிப் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள்.