மாற்றுக் காவல்

ஏட்டு பக்தவத்சலம் இரவு முழுக்க நின்றேதான் காவல் பார்த்தாராம். ஆனாலும் நாற்காலி சூடாக இருந்தது. வெயிலாக இருக்கும் என்று ஜாக்குலின் நினைத்தாள். பிறகுதான் கூரையிலிருந்து மழை சொட்டுவது தெரிந்தது.

புதுப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் அந்தக் கல் மாடம். உலகப்போரில் எதிரிக் கப்பலை வேவு பார்க்கக் கட்டியது. இப்போது கடலோரக் காவலுக்கு. ஊர்க்காவல் படையில் சேர்ந்த ஜாக்குலினுக்கு இங்கே முதல் நாள்.

"வெள்ளைக்காரன் ஒரு சிப்பாய இங்க நிறுத்தி வச்சான். கப்பல் வருதுன்னு பொரளி கெளம்பினதும் மத்தவனுங்கள இட்டுகினு செங்கல்பட்டுக்கு ஓடிட்டான். இவன்கிட்ட சொல்லவேயில்ல."

"இவரும் எறங்கி ஓட வேண்டியதுதான, ஏட்டய்யா?"

"மாத்து ஆளு வந்து 'காவல் எடுத்துக்கினேன்'னு சொல்லணும். அதுவரிக்கும் எறங்கக் கூடாது. தாகத்துலயே செத்தான். இன்னிக்கும் அதான் வழக்கம். சொல்லு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்கத் திரும்பவில்லை.

பொழுது சாய்ந்தும் அடுத்த ஆள் வரவில்லை. பால் கட்டி மார்பு வலித்தது, காக்கிச் சட்டை நனைந்தது; சவுக்கின் இரைச்சலுக்கு அடியில் பழைய தோல் பெல்ட் முறுகுவது போல ஒரு சத்தம், அது கிளைதான் என்று நம்பினாள், காற்று நின்ற பிறகும் கேட்கும்வரை.

படியிறங்கினாள். கடைசிப் படிக்குப் பிறகு மணல் வரவில்லை. மாடம்தான் வந்தது. மறுபடி இறங்கினாள். மாடம். நாற்காலி. பிடரியில் வறண்ட மூச்சு. இடுப்பு பெல்ட்டுக்குள் ஒரு விரல்.

பிறகு இன்னொன்று.

கீழே பைக் சத்தம். கணவன் ஜோஷ்வா, கைக்குழந்தையோடு.

"இன்னா ஜாக்கு, புள்ள பாலுக்கு கத்திகினு கீது. நீ கப்பல் எண்ணிகினு கீறியா?"

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஜோஷ்வாவுக்கு வரும். அப்படித்தான் யோசித்தாள்.

"மேல வா."

வந்தான். குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"'காவல் எடுத்துக்கினேன்'னு சொல்லு."

"எதுக்கு?"

"சும்மா சொல்லேன்."

"சரி தாயே. காவல் எடுத்துக்கினேன்."

விரல்கள் கழன்றன.

இந்த முறை மணல் வந்தது. ஓடினாள்.

"ஜாக்கு, எறங்க முடியல."

ஓடினாள்.

"ஜாக்கு. தண்ணி."

தோப்பின் ஓரத்தில் திரும்பிப் பார்த்தாள். கல் துவாரத்தில் ஜோஷ்வாவின் முகம், உதடுகள் அதற்குள் வெடித்திருந்தன. அவன் தோளில் தாடையைப் பதித்து, கண் சொருகி, நிம்மதியாக இளைப்பாறிக்கொண்டிருந்தது இன்னொரு முகம்.