ஸ்டியரிங் பழகாத பல் டாக்டர்

சிக்னலில் நின்றதும் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பல் டாக்டர் திரும்பிப் பார்த்தான். யாரையும் காணோம். இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பி, கீழே எட்டிப் பார்த்தான். புது வண்டி அவ்வளவு உயரம்.

கீழே ஸ்கூட்டரில் ஒரு பெண். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன... கோபமான கண்கள். வெறும் கோபத்துக்கு இவ்வளவு அழகு தேவையே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. கண்ணாடியை இறக்கினான்.

"ஏன் சார், ரோட்டைத் தைச்சுக்கிட்டே போறீங்களா?"

"என்னது?"

"பாலத்துலேருந்து உங்க பின்னாடிதான் வர்றேன். இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து. முந்தலாம்னு வந்தா, ரெண்டு தடவை என்னை நடைபாதையில ஏத்திட்டீங்க."

"இது ஆஃப்-ரோடு வண்டிங்க. அப்படித்தான் இருக்கும்." மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பது போலச் சொன்னான்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "இது ரோடு சார்."

தூறல் ஆரம்பித்தது. அவள் இமையில் ஒரு துளி வந்து உட்கார்ந்தது. அதைத் துடைக்காமலே பேசினாள். "முன்பக்கம் ஏதோ லூசா இருக்கு, இல்லேன்னா சக்கரத்தோட கோணம் தப்பு. மார்க்கெட்டுக்குப் பின்னாடி அலைன்மென்ட் கடை, நீல ஷட்டர். வந்தா பார்த்துத் தர்றேன். வராட்டியும் பரவாயில்ல, எந்த ரோட்டுல போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் வேற ரோட்டுல போறேன்."

பச்சை விழுந்தது. அவள் போய்விட்டாள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் அவனுக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

உண்மையில் அந்த வண்டியை அவன் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆசை அவனுடைய அக்கா புருஷனுடையது. அவர் மலைப்பாதை வாகனச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் தலைவர்தான். அக்காவே "தலைவர் குளிச்சிட்டாரா பாரு" என்றுதான் சொல்வாள். சங்கத்தில் உறுப்பினர்கள் ஒன்பது பேர், தொப்பிகள் ஒன்பது, விதிமுறைகள் நாற்பது பக்கம். மூன்று வருடத்தில் அவர்கள் மேற்கொண்ட மிகக் கடினமான பயணம், ஏரிக்கரை ஓட்டலின் வாகன நிறுத்துமிடம் வரை. திரும்பும் வழியில் ஒரு வண்டியிலும் சேறு படவில்லை என்பது தெரிந்து, வாட்டர் சர்வீஸ் கடையில் நிறுத்தி, கழுவுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் சேறு பூசச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

விதிமுறை ஏழின்படி, சங்கத்து வண்டி கம்பெனி கொடுத்த உயரத்தைவிட நாலு விரற்கடை கூடுதலாக நிற்க வேண்டும். அதை அளக்கத் தலைவர் சிவப்பு வெள்ளை அடித்த ஒரு குச்சி வைத்திருந்தார். அதனால் பல் டாக்டரின் புது வண்டி, இருக்கையின் பாலிதீன் உறையைக்கூடக் கழற்றுவதற்குள், தலைவருக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் தூக்கி நிறுத்தப்பட்டுப் பெரிய டயர்கள் மாட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஸ்டியரிங் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் பிடித்தால் வண்டி இடது பக்கம் ஒதுங்கும். திருப்பினால் சற்று யோசித்துவிட்டு வலது பக்கம் பாயும்.

சர்வீஸ் சென்டரில் கேட்டான். "அது வண்டியோட குணம் சார்" என்றார்கள். தலைவரிடம் கேட்டான். "கை பழகணும்ப்பா. பழகிடும்." சங்கத்தின் மற்ற ஏழு பேரையும் கேட்டான். எல்லோரும் ஒரே குரலில், "எங்களுக்கெல்லாம் பழகிடுச்சே" என்றார்கள். ஆக, கோளாறு தன் கையில்தான் என்று அவன் முடிவு செய்துகொண்டான். அந்தக் கையை வைத்துத்தான் அவன் பிறர் வாயில் ஊசி போடுகிறான் என்பது வேறு விஷயம்.

மறுநாள் மதியம் நீல ஷட்டருக்கு முன்னால் வண்டி நின்றது.

கல்லாவில் அவளுடைய அப்பா. வண்டியைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். பெரிய வண்டிகளைக் கண்டால் மரியாதை தானாக வந்துவிடுகிற மனிதர். அவள் வந்தாள். ஹெல்மெட் இல்லை. காதோரம் பென்சில் செருகியிருந்தது.

"வந்துட்டீங்களா... உள்ள உட்காருங்க. இன்ஜின் ஓடட்டும். நான் கீழ போறேன். சொல்றப்போ ஸ்டியரிங்கை லேசா அசைங்க. பூட்டுல சாவி சரியா விழுந்திருக்கான்னு அசைச்சுப் பார்ப்போமே, அந்த அளவு."

அட்டையை விரித்து வண்டிக்கடியில் நுழைந்தாள். இப்போது அவளுடைய குரல் அவன் பாதத்துக்குக் கீழிருந்து வந்தது.

"அசைங்க... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... எத்தனை நாளா இப்படி?"

"இருபது நாள்."

"ஓட்டப் பயமா இருக்கா?"

முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பான். ஆனால் கேட்டது தரைக்குள்ளிருந்து. தரையிடம் எதற்கு வீறாப்பு...

"இருக்கு."

"வளைவுலயா?"

"நேர் ரோட்டுலயே."

கீழே ஒரு சின்னச் சிரிப்பு. கேலி இல்லை என்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். வண்டியை விட்டு இறங்கினால் பத்து நிமிஷம் கை நடுங்குவது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கம் முதல்முறையாக நிஜமாகவே மலைக்குப் போவது. தலைவரின் வண்டியில் கொடியும் கூடாரமும் போவதால், அக்காவும் குழந்தைகள் இரண்டும் தன்னுடைய வண்டியில் வருவது.

கீழே ஸ்பேனர் எதையோ தட்டிப் பார்த்தது. பிறகு, "இன்னொரு தடவை அசைங்க... ஆங், இதோ. முன் அச்சை வண்டியோட உடம்போட பிடிச்சு வைக்க ஒரு குறுக்குக் கம்பி இருக்கு. அதோட போல்ட்டைச் சரியா முறுக்கல. நீங்க திருப்பினா முதல்ல அது ஆடி முடிக்குது, அப்புறம்தான் சக்கரம் திரும்புது."

வெளியே வந்தாள். கன்னத்தில் ஒரு கிரீஸ் கோடு. அவன் பாக்கெட்டில் கைக்குட்டை இருந்தது... கை மட்டும் போகவில்லை.

போல்ட்டை முறுக்கினாள். டயரில் காற்றை அளவுக்குக் குறைத்தாள். வண்டியை மெஷினில் ஏற்றித் திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "பாதி சரியாயிடுச்சு. மீதி பாதி நான் பண்ண முடியாது. சைக்கிளோட முன் கம்பி கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கும்ல? அதனாலதான் கையை விட்டாலும் நேரா ஓடுது. உங்க வண்டியைத் தூக்கினதுல அந்தச் சாய்வு போயிடுச்சு. பழைய உயரத்துக்கு இறக்கணும். இல்லேன்னா சாய்வு குடுக்கிற பட்டை போடணும், அது வர மூணு வாரம் ஆகும்."

"இறக்கினா சங்கத்துல ஒத்துக்க மாட்டாங்க."

"என்ன செய்வாங்க?"

"குச்சி வெச்சு அளப்பாங்க."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பல்."

"ம்..." என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதினாள்: முன் அச்சின் சாய்வு குறைவு. மலைப்பாதைக்குக் கொண்டு போகக் கூடாது. அடியில் கையெழுத்து.

புதன்கிழமை காற்று சரிபார்க்க வந்தான். வியாழக்கிழமை ஏதோ சத்தம் கேட்கிறது என்று வந்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒரு சத்தமும் இல்லையே சார்" என்றாள் அவள். கண் சிரித்தது. உதடு மட்டும் தொழில் மரியாதையோடு இருந்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு முன்னால் தலைவர் வந்து இறங்கினார், தொப்பியோடும், அவன் வீட்டில் காட்டியிருந்த சீட்டோடும்.

"இதை எழுதினது நீங்கதானா? வண்டியைத் தூக்க ஆள் காட்டினது நான். இந்த ஊர்ல வண்டி பத்தி என்கிட்ட யாரும் எதிர்த்துப் பேசினதில்ல. நீங்க எத்தனை மலை ஏறியிருக்கீங்க?"

"ஒண்ணும் ஏறல சார். ஏறிட்டு இறங்கத் தெரியாம கட்டி இழுத்துட்டு வந்த வண்டிங்களைப் பார்த்திருக்கேன்."

"பாப்பா, சாருக்கு உட்கார நாற்காலி போடு..." என்று அப்பா குறுக்கே வந்தார். அவள் அசையவில்லை. பல் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களே சொல்லுங்க. ஓட்டப் பயமா இருக்கு, கை நடுங்குதுன்னு சொன்னீங்கல்ல?"

மூன்று பேர் அவன் வாயையே பார்த்தார்கள். தினமும் அடுத்தவர் வாயைப் பார்க்கிறவன் அவன். பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல... பழகிடும்."

தலைவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். அவள் சீட்டை வாங்கி நாலாக மடித்தாள். அந்தக் கண்களில் கோபம்கூட இல்லை... கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"சரி சார், வண்டியை எடுங்க. அடுத்த வண்டி வருது" என்றாள்.

தெருமுனை வரைக்கும் ஒரு வண்டியும் வரவில்லை.

சனிக்கிழமை கிளினிக்கில் ஒரு பெரியவர். கடைவாய்ப் பல். "வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்று தலையசைக்கிறார். கை மட்டும் நாற்காலியின் பிடியை நெரிக்கிறது.

"வலிச்சா சொல்லிடுங்க. இங்க யாரும் உங்களுக்கு மெடல் குடுக்கப் போறதில்ல" என்றான் எரிச்சலோடு. சொன்ன பிறகு, கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே மழை. பெரியவர் திறந்த வாயோடு பொறுமையாகக் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்தில் ஒன்பது வண்டிகள் வரிசையாக உறுமின. தலைவர் விசிலை வாயில் வைத்தார். அக்கா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். குழந்தைகள் பின்னால் ஏறி அதற்குள் சண்டையை ஆரம்பித்திருந்தன. பல் டாக்டர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். இறங்கினான்.

"நான் வரல. இந்த வண்டியில அக்காவையும் பசங்களையும் ஏத்திக்கிட்டு மலைக்கு வர மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. ஸ்டியரிங் கையில நிக்கல. அந்தப் பொண்ணு சொன்னது சரி. அன்னிக்கு நான்தான் பொய் சொன்னேன்."

விசில் தலைவரின் வாயிலிருந்து நழுவித் தொப்பையில் வந்து ஆடியது. "என்னப்பா நீ, நம்ம ஆளுங்க முன்னாடி..."

மூன்றாவது வண்டியிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் தலையை நீட்டினார். "டாக்டர், உங்களுக்குமா?"

பிறகு வக்கீல் இறங்கினார். "எனக்கு மட்டும்தான்னு நெனைச்சேன். ஒரு வருஷமா லாரி எதிர்ல வந்தா ஓரமா நிறுத்திட்டு, போன் பேசுற மாதிரி உட்கார்ந்திருக்கேன்." துணிக்கடைக்காரர், வீட்டில் பழைய காரைத்தான் எடுப்பதாகவும், இந்த வண்டியைச் சங்கக் கூட்டத்துக்கு மட்டும் கொண்டு வருவதாகவும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லா வண்டியையும் தூக்கி நிறுத்தியது அதே பட்டறை. எல்லா வண்டியிலும் அதே ஆட்டம். கோளாறு தன் கையில்தான் என்று நினைத்து, எல்லோரும் எல்லோரிடமும் "பழகிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என் வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார் தலைவர்.

"ஆமா, அதனாலதான் தினம் ரெண்டு தோளுக்கும் தைலம் தேய்ச்சு விடுறேன்" என்றாள் அக்கா ஜன்னல் வழியாக. "இறங்குங்கடா பசங்களா, வீட்டுக்குப் போலாம்."

பல் டாக்டர் பஸ் பிடித்து மார்க்கெட்டில் இறங்கினான். மழை வலுத்திருந்தது. நீல ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனான். அப்பா கல்லாவில் பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தார். அவள் மெஷினின் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் துணி ஒரு கணம் நின்றது... மறுபடி நகர்ந்தது.

"வண்டி எங்க?"

"மைதானத்துல நிக்குது. ஒன்பதும். நாளைக்கு எல்லாம் இங்க வருது. தலைவரோடதுதான் முதல்ல, அதுல மட்டும் விட்டுக்குடுக்க மாட்டார்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்."

"நல்லது சார்." துடைக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதானா... பஸ்ஸில் வரும்போது, இதைச் சொன்னாலே போதும் என்று நினைத்திருந்தான். போதவில்லை.

"அதைச் சொல்ல வரல. வெள்ளிக்கிழமை உங்களைத் தனியா நிக்க விட்டுட்டேன். அது வண்டி விஷயம் இல்ல."

"இல்ல" என்றாள் திரும்பாமல்.

"மன்னிச்சிடுங்க. அப்புறம்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க என்ன சொன்னாலும் பரவாயில்ல. இதைச் சொல்லாம போனா, இன்னொரு பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தம்பி, ஞாயித்துக்கிழமை நாங்க கடை திறக்கிறதே இல்ல."

"அப்பா..."

"இல்லம்மா, தகவலுக்குச் சொன்னேன்." பேப்பரின் பக்கம் புரண்டது.

அவள் துணியைக் கீழே வைத்தாள். மெதுவாகத் திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"நான் சொன்னது சரின்னு எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டா எனக்கு அதோட முடிஞ்சுது, எந்த வண்டி எங்க போனாலும் வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்குவேன். இந்த ரெண்டு நாளா தூங்கல. நீங்க அந்த மலைக்குக் கிளம்பியிருப்பீங்களோன்னு காலையில ஆறு மணிக்கே வந்து ஷட்டரைத் திறந்துட்டேன். எதுக்குத் திறந்தேன்னு அப்பா கேட்டார். துடைக்கணும்னு சொன்னேன்... நானும் பொய்தாங்க சொல்லியிருக்கேன்."