நீர்க்கோழி விடுதியின் வெள்ளக் கோடு

செவர்ன் ஆற்றங்கரையில் இருநூறு ஆண்டுகளாகப் படகோட்டிகளுக்குப் புகலிடமாய் நின்ற ‘நீர்க்கோழி’ மதுவிடுதியை மூடச்சொல்லி ஆணை வந்தது. அதை நடத்தும் மாபெல் ஹாஸ்கின்ஸ் மறுநாளே துப்பறியும் லவரிங்கைத் தேடி வந்தாள்.

“கடைக்குச் சொந்தக்காரங்களான பீர் கம்பெனியோட ஆள் க்ரெய்ல் புதன்கிழமை முதல்தடவையா வந்தாரு. தனியா அளவெடுத்தாரு. பூச்சு உதிர்த்த சுவர்ல நாப்பத்தேழாம் வருஷத்து வெள்ளத்தோட கோடு தலை உயரத்துல வெட்டியிருக்குன்னு காட்டுறாரு. இவ்வளவு தண்ணி ஏறுற எடத்துல கடை கூடாதாம். நான் வந்ததே அறுபத்தொண்ணுல. வெள்ளத்தப் பார்த்த கெழவங்களக் கேட்டா, ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு அடி ஏத்துறாங்க.”

லவரிங், ஓய்வுபெற்ற தபால்காரரான நண்பர் கார்லண்டுடன் சென்றார். க்ரெய்ல் அங்கே காத்திருந்தார். கோட்டின்கீழ், மார்பளவு உயரத்தில், துருவேறிய நான்கு ஆணிகள், புதிதாய் அறுபட்ட முனைகள் மட்டும் பளபளக்க நின்றன.

“இங்க என்ன இருந்துச்சும்மா?” என்றார் லவரிங் மாபெலிடம்.

“சிலேட்டு. முப்பத்தொம்பதுல நெட்டும் வில்ஃபும் ஆடின டார்ட்ஸ், அம்பெறியிற ஆட்டத்தோட புள்ளி, சாக்கட்டியில எழுதினது. பாதி ஆட்டத்துல பட்டாளத்துக்குப் போனவங்க திரும்பல. யாரும் அழிக்கல. பூச்சு வேலைக்காகத் திங்கக்கிழமைதான் ஆணிய அறுத்து எடுத்தோம். மாடியில பத்திரமா இருக்கு.”

“அப்போ இந்தக் கோடு பூச்சுக்காரன் வேலைதான்,” என்றார் கார்லண்ட்.

“தபாலத்தான் வேகமாக் குடுக்கணும், கார்லண்ட். தீர்ப்ப இல்ல.” லவரிங் சுவரைத் தடவினார். “தலைக்கு மேல தண்ணி போயிருந்தா, மார்பளவுல இருந்த சாக்கட்டி எழுத்து கரையாம இருக்குமா? வெள்ளத்துக்கு முன்னால கழட்டி வச்சிருந்தாலாவது சரி. ஆனா ஆணி இந்தத் திங்கக்கிழமைதான் முதல்தடவையா அறுபட்டிருக்கு. அப்போ கோடு பொய். பூச்சுக்காரன் இந்த ஊர்க்காரன். சிலேட்டக் கையால எடுத்தவன். அந்த எடத்துக்கு மேல வெள்ளம் போச்சுன்னு அவன் வெட்டமாட்டான். சிலேட்டையே பார்க்காத ஒருத்தர்தான் வெட்டியிருக்கணும். அது எடுத்தப்புறம் இங்க முதல்தடவையா வந்து தனியா நின்னவர் நீங்க மட்டும்தான், மிஸ்டர் க்ரெய்ல்.”

க்ரெய்ல் ஆணையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “அடுத்த வருஷம் வேற காரணம் வரும்,” என்றார்.

“வரட்டும் கண்ணு,” என்றாள் மாபெல். “மணி பதினொண்ணு ஆகுது. வழிய விடுங்க.”

அவள் தாழை நீக்கினாள். பனிமூட்டத்தில் காத்திருந்த அறுவர் உள்ளே வந்து, தத்தம் தந்தையர் அமர்ந்த இடங்களில் அமர்ந்தனர்.