கறை வந்த வழி

தலையணை உறை அன்று காலையிலும் பிசுபிசுத்தது. ஒரு மாதத்துக்கு மேலாய்ச் சவக்காரம் போட்டுக் கசக்கிக் கசக்கிக் கனகமணி டீச்சருக்குக் கை அலுத்துவிட்டது. கணவன் சுவிசேஷமுத்துவின் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவளுக்குத் தன் தலை எண்ணெய்மேல்தானே சந்தேகம் போகும்.

சுவிசேஷமுத்து பம்பாய்க் கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை பார்த்தவன். எண்பத்து நாலில் காணாமல் போனான். விபத்தும் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை, ஆள் ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி கடிதம் போட்டது. அவள் நம்பவில்லை. பூகோள டீச்சர் அல்லவா, கம்பெனியின் கை எட்டாத சாட்சி ஒன்று வானத்தில் சுற்றுவது அவளுக்குத் தெரியும். ஹைதராபாத் தொலையுணர்வு ஆபீசுக்கு எழுதி, அந்தத் தேதிச் செயற்கைக்கோள் படத்தை வரவழைத்தாள். மேடையடியிலிருந்து கறுப்பாய் ஒரு கறை கிளம்பியிருந்தது.

கறை படத்தின் ஓரத்தில் அறுபட்டது. எதுவரை போயிற்று என்று காட்டினால்தானே கம்பெனி வாயடைக்கும்? அதை ஒட்டிய இடத்துக்கு, அப்போதைக்குக் கடைசியாய் எடுத்த படம் கேட்டு எழுதினாள். ஒவ்வொன்றும் வந்து சேர நாற்பது நாள். மங்களூர். கொல்லம். பிறகு தென்மலை. எண்ணெய் மலையேறாது, மேகத்தின் நிழல் என்று சொல்லிக்கொண்டாள். படத்தில் மேகமே இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்காமல் தான் இருக்கிற சங்கரன்கோவில் படத்துக்கும் எழுதிப்போட்டாள்.

அது அன்றைக்கு, சனிக்கிழமை, வந்தது. தபால்காரர் பெருமாள்சாமி கவரை நீட்டியபடி மூக்கைச் சுளித்தார்.

"டீச்சரம்மா, உள்ள மண்ணெண்ணெய் கொட்டிக் கெடக்கா? தெருமுக்குல இருந்தே நாறுதே."

அடுப்புதான் என்று சொல்லி அனுப்பினாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அவளுக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

சன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தாள். குளம், ரயில்பாதை, தென்காசி ரோடு. ரோட்டோரமாய் நூல்போல வந்த கறுப்பு, ஸ்டேஷனுக்குப் பின்னால், அவள் வீடு இருக்கிற இடத்தில் நின்றது. அதற்கப்பால் இல்லை.

ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டாள். பிறகுதான் படத்தின் மூலையில் தேதியைப் பார்த்தாள்.

நாற்பது நாளுக்கு முந்திய தேதி.

தலையணை.

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. மெல்ல. ஆள் புரண்டு படுக்கிற சத்தம்.

"கனகம்." அவன் தொண்டைக்குள் என்னவோ கொழகொழத்தது. "நான் ஓடிப்போகலன்னு எழுதிட்டியாட்டி?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். நிலைப்படி தாண்டிக் கறுப்பாய் வழிந்து வந்த எண்ணெய் அவள் பாதத்தைத் தொட்டது. வெதுவெதுப்பாய். ஐந்து விரலாய்ப் பிரிந்தது. கணுக்காலைப் பற்றியது.